சுவருக்கும் கால் உண்டு

நம்ம பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களில் கான்கிரீட் வீடு எந்த இடத்தில் முதலில் கெடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எல்லாரும் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார்கள். ஒழுகுகிறதா, கம்பி தெரிகிறதா, சிமெண்ட் பெயர்ந்து விழுகிறதா என்று. என் கண் எப்போதும் கீழேதான் போகும். கட்டி இரண்டு மழைக்காலம் ஆன வீட்டைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் சேறு தெறித்த கறை. நான்காவது வருஷம் அந்தக் கறைக்கு மேல் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். ஏழெட்டு வருஷத்தில் பூச்சு பொரிந்து உதிர்ந்து செங்கல் பல்லிளிக்கும். அதற்குப் பிறகு செங்கல்லே மாவாகக் கொட்ட ஆரம்பிக்கும். தினமும் பெருக்கித் தள்ளுகிற பெண்களைக் கேளுங்கள், எவ்வளவு தூள் என்று சொல்வார்கள்.

வீட்டுக்குத் தலையில் வருகிற வியாதியைவிடக் காலில் வருகிற வியாதிதான் நம் ஊரில் அதிகம். அதற்கு மருந்தும் இருக்கிறது. சுவரைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் வாட்டமாக ஒரு தளம். மேலே சுவரைத் தாண்டி இரண்டடி நீட்டிய இறவாரம். சுவரின் அடியில் மூச்சு விடுகிற சுண்ணாம்புப் பூச்சு. இந்த மூன்றையும் அலங்காரம் என்றும் வீண்செலவு என்றும் ஒதுக்கிவிட்டு வீடு கட்டுகிறோமே, அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டட வேலையில் ஓவர்சியராக 31 வருஷம் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் எந்த ஊருக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. வீட்டில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். எந்தக் குப்பம், எந்தத் திட்டம், எந்தக் கான்ட்ராக்டர் என்று பெயர் சொல்லிச் சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. ஒருத்தர் செய்கிற தப்பாக இருந்தால் பெயர் சொல்லலாம். இது கட்டுகிறவர், கட்டச் சொல்கிறவர், குடியிருப்பவர், பெயிண்ட் விற்கிறவர் எல்லாரும் சேர்ந்து செய்கிற தப்பு.

முதலில் கணக்கு. 300 சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை சுமார் 28 சதுர மீட்டர். நம் கரையோரத்தில் வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் மழை என்றே வைப்போம். அந்தச் சின்னக் கூரையில் மட்டும் ஒரு வருஷத்தில் 33,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. பெரிய டேங்கர் லாரிக்கு ஏறக்குறைய மூன்று லோடு. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? தூம்பு இருந்தால் தூம்பு வழியாக, இல்லாவிட்டால் சுவர் வழியாக, எப்படியும் சுவரின் காலடியில்தான் வந்து விழுகிறது. மூன்று டேங்கர் தண்ணீரை ஒருவர் கொண்டுவந்து உங்கள் வீட்டுச் சுவர் ஓரத்தில் கொட்டினால் சும்மா இருப்பீர்களா? வருஷா வருஷம் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மழைத்துளி சின்னதுதானே என்று நினைக்கக் கூடாது. கனமழையின் பெரிய துளி நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல், வந்து தரையில் மோதுகிறது. மோதியதும் சிதறி, மணலையும் சேற்றையும் அள்ளிக்கொண்டு மேலே எழும்புகிறது. எழும்புகிற உயரம் சுமார் ஓர் அடி. இதைக் கணக்கில் வைத்துத்தான் ஜெர்மனிக்காரர்கள் தங்கள் கட்டடத் தரவிதியில், தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர் உயரம் வரை சுவருக்குத் தெறிநீர்ப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுவர் ஓரமாகக் கூழாங்கல் பட்டை போடுவதும் அவர்கள் வழக்கம். கல்லில் விழுகிற துளி இடுக்குக்குள் போய்விடும், சுவர்மேல் எகிறாது. அவர்கள் ஊரில் தெறிப்பது நல்ல தண்ணீர். நம் ஊரில் தெறிப்பது உப்பு மணல்.

உப்புதான் இங்கே முக்கியமான வில்லன். தமிழில் ஓதம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடல் ஏற்றத்துக்கும் ஓதம், சுவரில் ஏறுகிற ஈரத்துக்கும் ஓதம். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தவர்கள் நம் மாதிரிக் கரையோரத்தில் குடியிருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, செங்கல்லிலும் கலவையிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறுகிறது. ஏறிய தண்ணீர் வெயிலில் ஆவியாகிவிடும். அதில் கரைந்திருந்த உப்பு எங்கே போகும்? சுவருக்குள்ளேயே தங்கிப் பொடிப்பொடிக் கட்டியாக உறையும். உறையும்போது பெருத்துப் பக்கத்தில் உள்ளதைத் தள்ளும். ஐப்பசியில் கரைந்து, பங்குனியில் உறைந்து, அடுத்த ஐப்பசியில் மறுபடி கரைந்து என்று ஒவ்வொரு சுற்றிலும் சுவரை உள்ளிருந்தே உடைக்கும். அதனால்தான் மழையில் நனைந்த சுவர் வெயில் காலத்தில் உதிர்கிறது. பலருக்கு இது புரியாமல், வெயிலில் வெடித்துவிட்டது என்பார்கள்.

இன்னொன்று. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துப்போகும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிவது எல்லாரும் பார்த்ததுதான். சுவருக்குள் உப்பு ஏறிவிட்டால் சுவரே அந்த ஜாடி ஆகிவிடும். மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் ஈரமாக இருக்கும். ஒரு குப்பத்தில் எழுபது தாண்டிய பாட்டி என்னிடம் சொன்னார்: "மழ கூட இல்ல தம்பி, செவுரு தானா அழுவுது. பொட்டிய கல்லு மேல தூக்கி வச்சிருக்கேன்." அந்தப் பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? ரேஷன் கார்டு, பேத்தியின் பள்ளிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக். அரிசி மூட்டையைச் சுவரில் சாய்க்க முடியாது. பாயைச் சுவர் ஓரம் போட முடியாது. ஈரச் சுவரும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமா, மூச்சுத் தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டது. 300 சதுர அடியில் நாலு பக்கமும் ஓர் அடி உபயோகம் இல்லாமல் போனால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாமலா இருந்தது? பழைய பனை ஓலைக் குடிசையை நினைத்துப் பாருங்கள். உள்ளே நுழையக் குனிய வேண்டும். இறவாரம் அவ்வளவு தாழ்வு. பட்டணத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, பாவம், உயரமாகக் கட்டத் தெரியவில்லை என்பார்கள். உயரமாகக் கட்டத் தெரியாமல் இல்லை. கூரைத் தண்ணீர் சுவரைத் தொடாமல் எட்டப்போய் விழ வேண்டும் என்றுதான் கூரையை அப்படி இறக்கினார்கள். சுவருக்கும் தண்ணீர் விழும் இடத்துக்கும் நடுவில் திண்ணை. தெறித்தால் திண்ணையின் விளிம்பில் தெறிக்கும். அங்கே மண் கரைந்தால் அடுத்த வாரம் ஒரு கூடை களிமண் போட்டு மெழுகிவிடலாம். சுவர் தப்பிக்கும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கத்தையும் யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்கிறது. மழையில் கெட்டதைச் சரிசெய்ய அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், பூஞ்சையைக் கொல்லும், உதிர்ந்தால் அடுத்த பொங்கலுக்கு மறுபடி அடித்துக்கொள்ளலாம். அடியில் ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்துக்குக் காவிப் பட்டை அடிப்பார்களே, அது எந்த உயரம்? சேறு தெறிக்கிற உயரம். தெறிக்கிற இடம் இது, இங்கே ஒவ்வொரு வருஷமும் கை வைக்க வேண்டும் என்று சுவரிலேயே கோடு போட்டுக் காட்டியது மாதிரி. பராமரிப்பு என்று பெயர் வைக்காமலேயே நம் வீட்டுப் பெண்கள் அதைச் செய்தார்கள்.

கோயில்களைப் பாருங்கள். செங்கல்லும் சுதையுமாக விமானம் எழுப்பிய கோயில்கள் பலவற்றில்கூட அடிப்பகுதி கருங்கல்லாக இருக்கும். அதிட்டானம் என்று அதற்குத் தனிப் பெயர், அதில் ஜகதி, குமுதம், பட்டிகை என்று ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயர். சாமி வீட்டுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் நாம். சொந்த வீட்டுக்கு ஏன் மறந்தோம்?

நம் மாதிரியே உப்பு ஏரியில் குடியிருக்கிற இன்னோர் ஊர் இத்தாலியில் உள்ள வெனிஸ். அங்கே வீட்டுச் சுவர் செங்கல்தான். ஆனால் தண்ணீர் படுகிற அடிவரிசைகளில் இஸ்திரியா என்ற பகுதியிலிருந்து கொண்டுவந்த, தண்ணீரை உறிஞ்சாத வெள்ளைக் கல்லை வைத்தார்கள். உப்புத் தண்ணீர் கல்லைத் தாண்டி மேலே ஏற முடியாது. அந்த ஏற்பாடு பல நூறு வருஷம் ஊரைக் காப்பாற்றியது. கடந்த நூறு வருஷத்தில் நிலம் தாழ்ந்தும் கடல் உயர்ந்தும் அங்கே நீர்மட்டம் முக்கால் அடிக்கு மேல் ஏறிவிட்டது. தண்ணீர் கல் வரிசையைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டது. தொட்டதும் பொரிய ஆரம்பித்துவிட்டது. உலகம் முழுக்க அந்த ஊருக்காகக் கவலைப்படுகிறது. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியின் கரையில் அதே வியாதியில் சுவர்கள் உதிர்கின்றன. இங்கே கவலைப்பட நம்மைத் தவிர யாரும் இல்லை.

இப்போது நாம் என்ன செய்கிறோம் என்று பார்ப்போம்.

ஓலையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டோம். நல்லதுதான், தீப்பிடிக்காது, புயலுக்குத் தாங்கும். ஆனால் இறவாரத்தையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டோம். தீப்பெட்டி மாதிரி நாலு சுவர், அதன்மேல் சுவரோடு சுவராக முடிகிற ஒரு தட்டு. ஜன்னலுக்கு மட்டும் சன்ஷேடு. ஜன்னல் நனையக் கூடாது, சுவர் நனையலாம் என்பது என்ன நியாயம்? வாடைக் காற்றோடு சாய்வாக அடிக்கிற மழை வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் மேலிருந்து கீழ்வரை குளிப்பாட்டுகிறது. எந்த வீட்டிலும் அந்த இரண்டு சுவர்தான் முதலில் போகும், போய்ப் பாருங்கள்.

கலவைக்கு எந்தத் தண்ணீர், எந்த மணல் என்று யாரும் கேட்பதில்லை. கலவைத் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 தெளிவாகச் சொல்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததற்கு 2,000. கடல் தண்ணீரில் சுமார் 19,000. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கேயோதான் நம் குப்பத்து போர்த் தண்ணீர் இருக்கிறது. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரில் கலவை போட்டு, அலைவாய்க்கரை மணலில் பூச்சு பூசினால், உப்பு கீழிருந்து ஏறி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பிறக்கும்போதே வியாதியோடு பிறந்த வீடு அது.

சுவர் பொரிந்தவுடன் செய்கிற வைத்தியம் அதைவிட மோசம். கொத்தனாரைக் கூப்பிட்டு, பொரிந்த இடத்தைக் கொத்திவிட்டு, கெட்டியான சிமெண்ட் கலவையை அப்பிவிடுகிறோம். அதன்மேல் கடைக்காரர் கொடுக்கிற வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட். ஈரம் வெளியே போகிற வழியை அடைத்தாயிற்று. உள்ளே இருக்கிற தண்ணீர் என்ன செய்யும்? இன்னும் ஓர் அடி மேலே ஏறி, அங்கே கொப்புளம் விடும். இப்போது புதிய நாகரிகம் ஒன்று, அடிச்சுவரில் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டுவது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே இரண்டு வருஷத்தில் ஈரக்கோடு வரும். புண்ணை ஆற்றாமல் பட்டுத்துணி சுற்றுவதற்கு இதைவிடச் செலவான வழி கிடையாது.

இத்தனைக்கும் மெட்ராஸ் சுண்ணாம்பு என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிய பூச்சு, கிளிஞ்சல் சுண்ணாம்பில் செய்ததுதான். நம் ஏரியின் அடியில் கிளிஞ்சல் படிவம் எவ்வளவு என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்காக அதை வாரிக்கொண்டு போன காலமும் உண்டு. கிளிஞ்சல் விளைந்த ஊரில் சிமெண்டை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஏரியைத் தோண்டச் சொல்லவில்லை, அது 1980-லிருந்து பறவைகள் சரணாலயம். கடையில் மூட்டையில் விற்கிற சுண்ணாம்பை வாங்கினால் போதும்.

அடுத்தது ரோடு. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு. ஒவ்வொரு முறையும் நாலு விரல் உயரம். மூன்று முறை போட்டால் முக்கால் அடி. தேசியக் கட்டட விதித் தொகுப்பு, சுற்றுத் தரையைவிடப் பேஸ்மட்டம் குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி, உயரமாக இருக்கணும் என்கிறது. கட்டியபோது ஒன்றரை அடி இருந்த வீடு, தான் நகராமலேயே பள்ளத்துக்குப் போய்விடுகிறது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடணும் என்று அறிவுறுத்தினார். அதைக் குப்பத்து சிமெண்ட் ரோடு வரைக்கும் கொண்டுவர வேண்டியது நம் வேலை. ரோடு போட ஜல்லி இறங்குகிற அன்றைக்கே ஊரார் போய் நிற்க வேண்டும். போட்ட பிறகு நின்று பிரயோசனம் இல்லை.

இனிமேல் சாக்குகளுக்கு வருகிறேன். மூன்று சாக்கு அடிக்கடி கேட்கிறேன்.

"உப்புக் காத்து சார், இன்னா பண்றது?" உப்புக் காற்று கூரையையும் ஜன்னல் கம்பியையும் தின்னும், உண்மை. ஆனால் காற்று சுவர் முழுக்கத்தான் அடிக்கிறது. கெடுவது மட்டும் அடியிலிருந்து மூன்றடி. மேலே எட்டடி உயரத்தில் அதே சுவர் ஏன் நன்றாக இருக்கிறது? காற்றின்மேல் பழி போடுவதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

"வெள்ளமே வீட்டுக்குள்ள வருது, இதுல ரெண்டடி தளம் எதுக்கு?" பிச்சாட்டூரில் திறந்துவிட்டால் ஆரணி ஆறு பெருகி வருவதும், முகத்துவாரம் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் வடியாமல் நிற்பதும் நமக்குப் பழகிய கதை. ஆனால் வெள்ளம் சில வருஷங்களுக்கு ஒரு முறை, சில நாட்கள். மழைத்தெறிப்பு வருஷத்தில் ஏறக்குறைய ஐம்பது நாள், ஒவ்வொரு வருஷமும். வெள்ளத்துக்கு நிவாரணம் கொடுப்பார்கள். தெறிப்புக்கு யாரும் ஒரு பைசா கொடுக்க மாட்டார்கள். சுற்றுத்தளம் இருக்கிற வீட்டில் வெள்ளம் வடியும்போது அடிமண்ணை அரித்துக்கொண்டு போகாது என்பது கூடுதல் லாபம்.

"எஸ்டிமேட்ல இல்ல சார்." இதுதான் என்னைக் கோபப்படுத்துகிற சாக்கு. சுனாமிக்குப் பிறகு 2005-ல் தமிழக அரசு சொன்ன அளவு ஒரு வீட்டுக்கு 300 முதல் 325 சதுர அடி, ஒன்றரை லட்ச ரூபாய். 2011-ல் பசுமை வீடு, 300 சதுர அடி, 1.80 லட்சம். 2024-ல் கலைஞர் கனவு இல்லம், 360 சதுர அடி, 3.50 லட்சம். சதுர அடி கூடியிருக்கிறது, தொகை கூடியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் சுவருக்கு வெளியே உள்ள இரண்டரை அடியைப் பற்றி மேடையிலும் கிராமக் கூட்டத்திலும் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? எஸ்டிமேட் வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதர்கள் எழுதுவது. நாம் கேட்டால் எழுதுவார்கள்.

சரி, இதற்கு எவ்வளவு ஆகும்? 20 அடிக்கு 15 அடி வீடு. சுற்றளவு 70 அடி. இரண்டரை அடி அகலத்துக்குச் சுற்றிலும் தளம் போட்டால் மூலைகளையும் சேர்த்து 200 சதுர அடி. மண்ணைச் சமன் செய்து, மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, இடுக்கில் மணல் நிரப்பவும். அதற்கு ஜல்லி அரை யூனிட். அதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றுக்கு மூன்றுக்கு ஆறு கான்கிரீட். மத்தியப் பொதுப்பணித் துறை நெடுங்காலமாகச் செய்துவருகிற முறை இது. சிமெண்ட் நாலைந்து மூட்டை, மணல் 15 கன அடி, கருங்கல் ஜல்லி 30 கன அடி. ஒரு கொத்தனாரும் இரண்டு ஆட்களும் இரண்டு மூன்று நாளில் முடிக்கிற வேலை. 3.50 லட்ச ரூபாய் வீட்டின் உயிரை இது தீர்மானிக்கிறது.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில.

ஒன்று, வாட்டம். அடிக்கு அரை அங்குலம் வெளிப்பக்கம் சரிய வேண்டும். வாட்டம் இல்லாத தளம் தண்ணீரைச் சுவரோடு சேர்த்துத் தேக்கி வைக்கும். அதற்குத் தளமே போடாமல் இருக்கலாம்.

இரண்டு, தளத்தையும் சுவரையும் ஒட்டிப் பூசக் கூடாது. நம் மணலில் தளம் கொஞ்சம் இறங்கும், சுவர் இறங்காது. ஒட்டிப் பூசினால் விரிசல் சரியாகச் சுவர் ஓரத்தில் விழும், தண்ணீர் நேராகக் கடைக்காலுக்குப் போகும். அரை அங்குல இடைவெளி விட்டுத் தார் ஊற்றி அடைக்க வேண்டும்.

மூன்று, வெளி விளிம்பில் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு செங்கல் ஓரச்சுவர். இல்லாவிட்டால் அடியில் உள்ள மணல் அரித்துப் போய்த் தளம் அந்தரத்தில் நிற்கும்.

நான்கு, கூரைத் தண்ணீர் வந்து விழுகிற கோட்டில் வெறும் சிமெண்ட் இருக்கக் கூடாது. கெட்டித் தளத்தில் துளி இன்னும் உயரமாக எகிறும். அந்த இடத்தில் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லியோ உடைந்த ஓடோ கொட்டி வையுங்கள்.

ஐந்து, இறவாரம். கான்கிரீட்டை இப்போது நீட்ட முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் மட்டுமாவது இரண்டடி நீளத்துக்கு ஷீட்டோ ஓடோ சரித்துக் கட்டுங்கள், காற்றுக்குப் பிய்த்துக்கொள்ளாமல் இறுக்கமாக. தூம்பின் வாயில் குழாய் மாட்டித் தண்ணீரைத் தளத்துக்கு வெளியே விடுங்கள்.

ஆறு, பூச்சு. பொரிந்த சிமெண்டை ஈரக்கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை கொத்தி எடுத்துவிட்டு, வெயில் காலம் முழுக்கச் சுவரைக் காயவிட்டு, நல்ல மணலும் நல்ல தண்ணீரும் சேர்த்துச் சுண்ணாம்புக் கலவை பூசுங்கள். உப்பு முழுவதும் போகாது. சில வருஷத்தில் அந்தப் பூச்சு உதிரலாம். உதிரட்டும், பூச்சு போனால் மறுபடி பூசலாம், செங்கல் போனால் மாற்றுவது கஷ்டம். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று கூடுதல். பேஸ்மட்ட மட்டத்தில் டி.பி.சி. என்கிற ஈரத்தடுப்பு அடுக்கு, ஒன்றரை அங்குலமாவது ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கான்கிரீட்டும் அதன்மேல் காய்ச்சிய தாரும், போடாமல் ஒரு செங்கல்கூட மேலே வைக்க விடாதீர்கள். பிறகு போட வழியே இல்லாத வேலை அது.

செலவே இல்லாத காரியங்களும் உண்டு. ஈர வலையைச் சுவர் ஓரம் குவிக்காதீர்கள். ஐஸ் பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அதிலிருந்து சொட்டுவது உப்புத் தண்ணீர். மீன் கழுவுகிற இடமும் பாத்திரம் தேய்க்கிற கல்லும் வீட்டை விட்டுப் பத்தடி தள்ளி இருக்கட்டும். சுவரில் அணைத்துக் கொட்டிய மணலை வாரி எடுங்கள்.

அரசுக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. வீட்டுத் திட்டங்களில் பணம் கட்டம் கட்டமாக வருகிறது. பேஸ்மட்டத்துக்கு ஒன்று, லிண்டலுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, வேலை முடிந்ததும் கடைசி. கரையோரக் கிராமங்களில் அந்தக் கடைசிக் கட்டத்தில் சுற்றுத்தளத்தையும் தூம்புக் குழாயையும் தனி வரியாக எழுதுங்கள், அதற்கான தொகையைத் தனியாகக் கொடுங்கள், அது போட்டோவில் தெரிந்தால்தான் கடைசித் தொகை என்று விதி செய்யுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைமுறையில் ஒரு முறைதான் அரசு வீடு கிடைக்கிறது. அந்த வீடு பதினைந்து வருஷத்தில் உதிர்ந்தால் அடுத்தது யார் கொடுப்பார்கள்? கந்து வட்டிக்காரன்தான் கொடுப்பான்.

நம் மீனவ நண்பர்களிடமும் உரிமையோடு ஒரு வார்த்தை. படகை எடுத்துக் கரையில் போட்டால் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? அடியைத்தான். ஃபைபர் விட்டிருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் எந்த மனிதரும் கடலுக்குப் போக மாட்டார். படகு வருமானம் தருகிறது, அதனால் அதன் அடியைப் பார்க்கிறோம். வீடு பெண்டாட்டி பிள்ளை தூங்குகிற இடம், அதன் அடியையும் அதே கண்ணால் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப் படகுக்குத் தடை இல்லை என்றாலும் அந்த மாதங்களில் பலர் வலை பின்னுவதும் படகு செப்பனிடுவதுமாக இருப்பார்கள். சுவர் காய்ந்திருக்கிற மாதமும் அதுதான். ஏரியில் இறால் பிடிக்க ஊர் ஊராக முறை வைத்துப் பாடு பங்கிட்டுக்கொள்கிறவர்கள் நாம். யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதைச் சண்டை இல்லாமல் தீர்த்துக்கொள்ளத் தெரிந்த ஊருக்கு, வாரம் இரண்டு வீடு என்று முறை வைத்து நாலு கை சேர்த்துத் தளம் போட்டுக்கொள்ளத் தெரியாதா? தனியாகச் செய்தால் கூலி, சேர்ந்து செய்தால் டீச் செலவு.

ஐப்பசி மழை வருவதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சுவர் ஓரத்திலும் ஒரு செம்பு ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். வெளியே ஓடினால் உங்கள் வீடு பிழைத்தது. சுவரைப் பார்த்து ஓடி அங்கேயே உறிஞ்சிக்கொண்டால், கொத்தனாருக்கு அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.